ஏரியில் இல்லாத மணி

ஜூன் மாதம் முதல் வாரத்தில் வந்த ஒரு கடிதத்தைத் தேக்லா வோய்னார் மூன்று வாரமாக மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தாள். யெஸோரெட்ஸ் ஊரில் ஒரு சங்கதியை மூன்று நாள் மறைத்து வைப்பதே பெரிய காரியம். யார் வீட்டில் என்ன சூப் கொதிக்கிறது என்பது சந்தைச் சதுக்கத்தின் அடுத்த கோடிக்குக் கரண்டி வைப்பதற்குள் போய்விடும். ஜெர்மனியிலிருந்து வந்த தடித்த உறை என்றால் கேட்கவே வேண்டாம். தபால்காரர் கேட்டபோது, யாரோ பழைய வரைபடம் அனுப்பியிருக்கிறார்கள் என்று தேக்லா வாய்கூசாமல் பொய் சொன்னாள். ஐம்பத்தேழு வயதுக்கு அவள் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தீயணைப்பு நிலையத்துக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது ஊரின் வரலாற்றுக் கூடம். சாவி அவளிடம். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை, மரியாதை உண்டு. ஊரில் பார்க்கத்தக்க ஒன்பது இடங்களுக்கும் பலகை எழுதி நட்டவள் அவள்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் நகராட்சி மண்டபம், ஸ்வீடன்காரர்கள் கொளுத்தியும் எரியாமல் நின்ற செங்கல் களஞ்சியம், புனித அன்னா கோவில், கோவிலை விட்டுத் தள்ளித் தனியே நிற்கும் மரத்தாலான மணிக்கோபுரம் என்று வரிசையாகப் போய், ஏழாவது பலகை ஏரிக்கரையில் நின்றது. அதன் பக்கத்தில் ஆளுயரக் கல் ஒன்று. கல்லில் அவள் தாத்தாவின் பெயர், இக்னாட்சி வோய்னார்.

அவர் புனித அன்னா கோவிலில் மணியடித்துக் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளையாக இருந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றாம் ஆண்டு, போரில் நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மன்காரர்கள் பீரங்கி வார்ப்பதற்காக ஊர் ஊராக மணிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். யெஸோரெட்ஸுக்கு லாரி வந்தபோது கோபுரத்தில் மூன்றுக்கு இரண்டு மணிதான் இருந்தது. பெரிய மணியான அன்னாவைக் காணோம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்து, ஞானத்தாய் தகப்பன் வைத்து, பெயர் சூட்டித் தொங்கவிட்ட மணி அது. இக்னாட்சி அதை இரவோடு இரவாக இறக்கி, படகில் ஏற்றி, ஏரி நடுவில் அமிழ்த்திவிட்டார். அடித்துக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. கொண்டுபோன முகாமிலேயே செத்துப்போனார். பலகை சொல்வது இதுதான். பள்ளிக்கூடத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஜூலை இருபத்தாறு, புனித அன்னா திருநாள் அன்று பூசை முடிந்ததும் ஊரே ஏரிக்கரைக்குப் போகும். மூன்று நிமிஷம் மூச்சுக் காட்டாமல் நின்று தண்ணீருக்கடியிலிருந்து மணிச் சத்தம் வருகிறதா என்று கேட்பார்கள். முதலில் கேட்டதாகச் சொல்லும் பிள்ளைக்குப் பிளம்பழ அப்பத்தில் முதல் துண்டு. அப்பத்தின் மகிமையோ என்னவோ, ஒரு வருஷமும் யாருக்கும் கேட்காமல் போனதில்லை.

கடிதம் எழுதியது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரின் கோவில் சபை. எங்கள் கோபுரத்தைச் செப்பனிட மணியை இறக்கினோம், அதன் விளிம்பில் உங்கள் ஊர்ப் பெயரும் அன்னா என்ற பெயரும் இருக்கின்றன, போர் முடிந்தபின் உருக்காமல் மிச்சமிருந்த மணிகளிலிருந்து எங்களுக்குக் கொடுத்தார்களாம், உங்கள் பொருள் உங்களிடம் வரவேண்டும், நாங்களே கொண்டுவந்து தருகிறோம். மரியாதையான கடிதம். படம் வைத்திருந்தார்கள். கூடவே, பழைய கோப்பில் கிடைத்த ஒரு சீட்டின் நகலும் இருந்தது. மணியை எடுத்துப்போன அதிகாரி எழுதியது. ஒப்படைத்தவர், வோய்னார், கோவில்பிள்ளை. மறைவிடத்தைத் தானே வந்து காட்டினார்.

தேக்லா அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. காட்டியது யார் என்று அந்த அதிகாரி தவறாக எழுதியிருக்கலாம் என்று ஒரு நாள் நினைத்தாள். அடித்துத் துவைத்தபின் யார்தான் காட்டமாட்டார் என்று மறுநாள் நினைத்தாள். சீட்டில் 'தானே வந்து' என்று இருந்தது. அந்த இரண்டு சொல்லையும் சுற்றிப் போக வழி தெரியவில்லை.

தாத்தாவை அவள் பார்த்ததில்லை. அவள் அப்பா அந்தோனியே பார்த்ததில்லை. பாட்டி ரொஸாலியா காட்டுக்கு அப்பால் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிருந்தபோதுதான் எல்லாம் நடந்தது. கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது வீட்டில் புருஷன் இல்லை. அந்தக் குழந்தை வளர்ந்து, கால்நடை வைத்தியராகி, மணியைத் தேட ஆரம்பித்தது. ஒவ்வொரு கோடையிலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தோனி துடுப்புப் படகில் போய், கயிற்றில் இரும்புக் கொக்கி கட்டி ஏரியின் அடிமண்ணைத் துழாவினார். நாற்பது வருஷம். ஒரு சைக்கிளும், கதிரடிக்கும் எந்திரத்தின் சக்கரமும், எண்ணிலடங்காத பால்கேன்களும் கிடைத்தன. சாகும்போது மகளிடம் வடக்கு மூலையை இன்னும் பார்க்கவில்லை என்றார்.

இப்போது மணி ஏரியில் இல்லை என்றால் அப்பாவின் நாற்பது வருஷம் என்னாவது? தாத்தா காட்டிக்கொடுத்தார் என்றால் கல்லை என்ன செய்வது, பள்ளிக்கூடத்தை என்ன செய்வது, தெருவில் எப்படி நடப்பது? தேக்லாவுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதிவிட்டால் என்ன என்றுகூட யோசித்தாள். மணி அங்கேயே அடிக்கட்டும், தாத்தா இங்கேயே நிற்கட்டும். எழுதவும் உட்கார்ந்தாள். கை ஓடவில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் ஆதாரம் கேட்டுப் பழகியவள், வந்த ஆதாரத்தை ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் கடைசியில் பங்குச்சாமி யூலியான் படியேறி வந்தார். அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. ஊர்க்காரர்கள் கணக்கில் நேற்று வந்தவர். கையில் அதே மாதிரி ஓர் உறை.

"தேக்லாம்மா, உங்களுக்கு ஒரு கடிதம் போட்டோம், பதிலே இல்லைன்னு எனக்கு எழுதியிருக்காங்க" என்றார்.

தேக்லா நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"சாமி, அந்தச் சீட்டு உங்களுக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"படிச்சீங்களா?"

"படிச்சேன். இது என் வாயால வெளிய வரக்கூடாது. நீங்கதான் சொல்லணும். ஆனா சொல்லாம இருக்க முடியாதும்மா. மணி வரப்போகுது. இவ்வளவு பெரிய மணியை எந்த இழுப்பறையில வைப்பீங்க?"

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். வியாழக்கிழமை திருநாள் கமிட்டி கூடுகிறது, அங்கே சொல்கிறேன் என்றாள் தேக்லா. சொன்ன பிறகு அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

கமிட்டி என்றால் நான்கு பேர். நகரத் தலைவர் ஸிக்மண்ட், பங்குச்சாமி, தேக்லா, பிறகு பேக்கரி பிரிகிதா. பிரிகிதாவும் தேக்லாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஆனால் ஒத்துப்போனதில்லை. ஏரிக்கரையில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது பிரிகிதா மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் அப்பாவும் அப்படித்தான் நின்றார். அவர்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கும் இதுவரை மணி கேட்டதில்லை. சொந்த ஊர்த் தியாகியிடம் இவ்வளவு அலட்சியமா என்று தேக்லாவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆற்றாமை.

மண்டபத்து மாடியறையில் கூடினார்கள். தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியத்துக்கு எத்தனை பேர், அப்பம் எத்தனை தட்டு என்று ஸிக்மண்ட் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார்.

"போன வருஷம் அப்பம் பத்தலை, பிரிகிதா. பேண்டுக்காரங்களே பாதியைத் தின்னுட்டானுங்க."

"ஊதுறவன் வாயில துண்டு வச்சா ஊதமாட்டான்னு நானே கொடுத்தேன், தலைவரே. அவனுங்க ஊதுறதைக் கேட்டா உங்களுக்கும் கொடுக்கத் தோணும்."

தேக்லா உறையை எடுத்து மேசையில் வைத்தாள். படத்தைத் தனியாக, கடிதத்தைத் தனியாக, சீட்டைத் தனியாக வைத்தாள்.

"இந்த வருஷம் ஏரிக்குப் போக வேண்டாம்" என்றாள். "மணி அங்க இல்லை. ஜெர்மனியில இருக்கு. தாத்தா அதை ஏரியில போடவே இல்லை. அவரே போய் இடத்தைக் காட்டியிருக்கார். எழுத்து இருக்கு. கல்லை எடுத்துடுங்க. பள்ளிக்கூடத்துப் பேரை நீங்களே பார்த்துக்குங்க. எனக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் இதையெல்லாம் எழுதியிருக்க மாட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

இதை எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். கேட்டதும் ஸிக்மண்ட் எழுந்து நின்றுவிடுவார், பிரிகிதா ஏதாவது குத்திப் பேசுவாள் என்றெல்லாம் எண்ணியிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஸிக்மண்ட் பேனாவை மூடினார். பிரிகிதா படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "நல்லா வச்சிருக்காங்க" என்றாள். சீட்டை இரண்டு பேரும் தொடவே இல்லை.

யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. அது தேக்லாவுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

ஸிக்மண்ட் ஜன்னல் பக்கம் பார்த்தார். பதில் பிரிகிதாவிடமிருந்து வந்தது.

"தெரியும், தேக்லா."

"எப்போலேர்ந்து?"

"எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து. எங்க வீட்ல சொல்லித்தான் வளர்த்தாங்க. கூடவே, வோய்னார் வீட்டு ஆளுங்க முன்னாடி மூச்சு விடக்கூடாதுன்னும் சொல்லித்தான் வளர்த்தாங்க."

அப்புறம் பிரிகிதா சொன்னாள். மணியைக் காணோம் என்றதும் ஜெர்மன்காரர்கள் சந்தையில் கையில் அகப்பட்ட பத்து ஆண்களை இழுத்து மண்டபத்துச் சுவரோரம் நிறுத்தினார்கள். பகல் பன்னிரண்டு வரை கெடு. மணி வராவிட்டால் பத்துப் பேரையும் சுடுவதாகத் தண்டோரா போட்டார்கள். அந்தப் பத்துப் பேரில் யாருக்கும் மணி எங்கே என்று தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் காட்டுக்குள் தப்பிப் போயிருக்கலாம். பெண்டாட்டி அந்தப் பக்கம்தான் இருந்தாள். பதினோரு மணிவாக்கில் இக்னாட்சி சதுக்கத்தின் நடுவே தனியாக நடந்து வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒளித்தவன் நான்தான், வாங்க காட்டுகிறேன் என்றார். சாமியார் வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்குக் குழியில் இருந்தது மணி. அவரையே தோண்டச் சொன்னார்கள். பத்துப் பேரையும் விட்டுவிட்டு, மணியை ஏற்றிய லாரியிலேயே அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"எங்க தாத்தா அந்தப் பத்துல நாலாவது ஆளா நின்னார்" என்றாள் பிரிகிதா. "உங்க பாட்டி குழந்தையோட திரும்பி வந்தப்போ முதல்ல எங்க பேக்கரிக்குத்தான் வந்தா. என் புருஷனைக் கொண்டுபோயிட்டாங்களாமே, மணியையாவது அவனுங்க கையில சிக்காம வச்சாரான்னு கேட்டா. எங்க தாத்தாவுக்கு அவ முகத்தைப் பார்த்து இல்லம்மா, எங்களைக் காப்பாத்த அதையும் கொடுத்து தன்னையும் கொடுத்துட்டார்னு சொல்ல வாய் வரலை. ஏரியில கிடக்கும்மான்னுட்டார். வாயில வந்ததைச் சொன்னார். சாயங்காலம் மத்த ஒன்பது பேர்கிட்டயும் போய் அழுதார். சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டாங்க."

"ஊர் பார்த்துச்சே. சந்தையில அத்தனை பேர் இருந்தாங்களே."

"இருந்தாங்க. அத்தனை பேரும்தான் வாயை மூடிக்கிட்டாங்க."

மூன்று நாள் ஒரு சங்கதி தங்காத ஊர். ஒரே ஒரு குடும்பத்திடம் மட்டும் எண்பது வருஷம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறது.

தேக்லாவுக்கு நிம்மதி வரவில்லை. கோபம்தான் வந்தது.

"எங்கப்பா நாற்பது வருஷம் அந்த ஏரியில கொக்கி போட்டுத் தேடினார். கை ரெண்டும் காப்புக் காய்ச்சிப் போச்சு. நீங்கல்லாம் கரையில நின்னு பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க? கை வேற ஆட்டுவீங்க. எங்கப்பாவும் திரும்ப ஆட்டுவார்."

ஸிக்மண்டின் முகம் சிவந்தது. அவர் தாத்தாவும் பத்தில் ஒருவர் என்பதை அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

"தப்புதான்" என்றார். "அதுக்குச் சமாதானம் கிடையாது. முதல்ல உங்க பாட்டி இருக்கிற வரைக்கும் வேண்டாம்னாங்க. அப்புறம் உங்கப்பா கல்லு வைக்கணும்னு மனு கொடுத்தார். அவர் கேட்டு யாரு மாட்டேன்னு சொல்றது?"

"சொல்லியிருக்கலாமே. யாராவது ஒருத்தர். ஒரே ஒருத்தர்."

"எங்கப்பா சொல்லத்தான் போனார்" என்றாள் பிரிகிதா. "நாம பத்தாவது படிக்கிறப்போ. உங்கப்பாவுக்குப் படகு கவிழ்ந்து நிமோனியா வந்துச்சே, அந்த வருஷம். இதுக்கு மேல தாங்காதுன்னு கிளம்பிட்டார். உங்க வீட்டு வாசப்படியிலயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க."

"யாரு?"

பிரிகிதா ஸிக்மண்டைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"உங்கம்மா."

தேக்லா நாற்காலியை பிரிகிதா பக்கம் திருப்பினாள்.

"தேடுற வரைக்கும் அந்த மனுஷனுக்கு ஒரு அப்பா இருக்கார், அதையும் பிடுங்கிடாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. எங்கப்பா வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பேசலை."

"அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்று தேக்லா கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துபோய், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்தாவதா நின்னவர் செருப்புத் தைக்கிற ஃபெலிக்ஸ். உங்கம்மாவோட அப்பா. அன்னிக்கு அவருக்கு இருபத்தஞ்சு வயசு. கல்யாணமே ஆகலை. உங்கம்மா அதுக்கப்புறம் ஏழு வருஷம் கழிச்சுப் பொறந்தவங்க."

சாமி யூலியான் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அகதா செத்து ஆறு வருஷம் ஆகிறது. அதிகம் பேசாதவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா படகுக்குக் கிளம்பும்போது ரொட்டியும் அவித்த முட்டையும் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள். உப்பைத் தனியே சின்னப் பொட்டலமாக மடித்து வைப்பாள். விருந்தாளிகளிடம் அப்பா ஏரிக்கதையை ஆரம்பித்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருக்கும் என்றுதான் தேக்லா இத்தனை நாள் நினைத்திருந்தாள். தன் அப்பாவின் உயிரை மீட்டுக் கொடுத்தவரின் மகனோடு முப்பத்தெட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்கிறாள் அம்மா. நன்றி சொல்ல வேண்டிய ஆள் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு நாள் கூட அவளால் சொல்ல முடியவில்லை.

தேக்லா அழுதாள். பிரிகிதா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், தொடவில்லை. தொட்டிருந்தால் தேக்லா தட்டிவிட்டிருப்பாள், அது பிரிகிதாவுக்குத் தெரியும்.

"ஏரிக்கரையில நான் சொல்லிடறேன்" என்றாள் பிரிகிதா. "சொன்னது எங்க தாத்தா. முடிச்சு வைக்க வேண்டியது நான்."

"வேண்டாம். நானே சொல்றேன்."

மணியைக் கொண்டுவாருங்கள் என்று அன்றே ஜெர்மனிக்குப் பதில் எழுதினாள். இந்தத் தடவை கை ஓடியது.

திருநாள் அன்று வெயில் இருந்தது. பூசை முடிந்து எல்லாரும் கரைக்கு வந்தார்கள். பேண்டு நின்றது. பிள்ளைகள் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு தயாரானார்கள். தேக்லா கூட்டத்துக்கு முன்னால் வந்து ஏரிக்கு முதுகு காட்டி நின்றாள். எழுதி எடுத்து வந்த தாளைப் பிரிக்கவில்லை.

"எங்க தாத்தா இக்னாட்சி மணியைக் கொடுத்துட்டார்" என்றாள். "மண்டபத்துச் சுவரோரம் நின்ன பத்துப் பேருக்குப் பதிலா அதையும் கொடுத்து, தன்னையும் கொடுத்தார். உங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிஞ்சும் எங்களுக்காக வாயை மூடிக்கிட்டிருந்தீங்க. அதுக்கு நான் உங்களைக் கும்பிடறதா திட்டறதான்னு இன்னும் தெரியலை."

கூட்டத்தில் யாரோ தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

தேக்லா கல்லின் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, நான் ஃபெலிக்ஸோட பேத்தி. அகதாவோட பொண்ணு. எங்கம்மா உங்க பையனுக்கு முப்பத்தெட்டு வருஷம் சமைச்சுப் போட்டா. கடைசி வரைக்கும் அவளால சொல்ல முடியலை. அவ அப்பா அன்னிக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்துட்டார், தாத்தா. வந்து சாப்பிட்டார். ரொம்ப நன்றி."